ஜூன் 3-ம் தேதி திறக்கும் ஃபைல்

புதுச்சேரியில் ஒரு நாளிதழில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் ஏழு வருஷம் இருந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய், ராத்திரி கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டுத் திரும்புவேன். அந்த வேலையில் வீட்டில்கூடச் சொல்லத் தயங்கிய விஷயம் ஒன்று உண்டு. உயிரோடு இருப்பவர்களுக்கு அஞ்சலிப் பக்கம் முன்கூட்டியே செய்து வைத்திருப்போம். சேதி வந்த பிறகு உட்கார்ந்தால் நாலு பக்கம் எப்போது முடிப்பது? 'ரெடி' என்று ஒரு ஃபோல்டர். தேதி, நேரம் வரவேண்டிய இடத்தில் மட்டும் புள்ளி வைத்திருக்கும்.

கலைஞர் ஃபைலுக்கு ஒரு தனி வழக்கம். ஜூன் 3 பிறந்தநாள் சிறப்புப் பக்கத்தை முடித்த கையோடு அந்த இன்னொரு ஃபைலையும் திறந்து வயதைக் கூட்ட வேண்டும். இரண்டிலும் அதே படம்தான், இங்கே கலர், அங்கே கறுப்பு வெள்ளை.

அவசரப்படக் கூடாது என்று சீனியர் சார் அடிக்கடி சொல்வார். 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார், ஜே.பி.யோ அக்டோபர் 8 வரை இருந்தார். 2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா விஷயத்தில் டிவிக்காரர்கள் முந்தியதையும், கட்சி அலுவலகத்தில் இறக்கிய கொடியை மறுபடி ஏற்றியதையும் நாங்களே பார்த்தோம்.

2018 புத்தாண்டுக்கு ஒருவன் புது விளையாட்டைக் கொண்டுவந்தான். வெளிநாட்டில் 'டெத் பூல்' என்கிறார்களாம். இந்த வருஷம் யார் யார் போவார்கள் என்று எழுதித் தர வேண்டும், இறந்தவரின் வயதை நூறிலிருந்து கழித்தால் வருவது புள்ளி. ஒன்பது பேர், தலைக்கு நூறு ரூபாய், ஆளுக்கு ஐந்து பெயர். பணம் ஒரு பழைய டிஃபன் பாக்ஸில். எனக்கும் அப்போது அது தப்பாகவே படவில்லை, ஃபோல்டரில் இருப்பவர்கள்தானே என்று மளமளவென்று எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 24 ராத்திரி துபாயில் ஸ்ரீதேவி இறந்தார். எங்களிடம் ஃபைல் கிடையாது, யார் பட்டியலிலும் பெயர் கிடையாது. மறுநாள் எல்லோரும் படம் தேடி அலைந்துகொண்டிருந்தபோது அந்தப் பையன், "நூறுல 54 போனா 46, யாராச்சும் எழுதியிருந்தா அள்ளியிருக்கலாம்ணே" என்றான். அப்போதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது. தொண்ணூறைத் தாண்டியவர் போனால் ஐந்தாறு புள்ளி, குழந்தை குட்டியோடு இருப்பவர் போனால் கொட்டும். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 7. கலைஞர் பெயரை எட்டுப் பேர் எழுதியிருந்தோம், ஆளுக்கு ஆறு புள்ளி. எழுதாதவர் எங்கள் ஆபரேட்டர் அண்ணன், அப்பா காலத்திலிருந்து கட்சிக் குடும்பம், "என் கையால எழுத மாட்டேன்" என்று ஜனவரியிலேயே சொன்னவர். அந்தப் பக்கம் அன்று அவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. புள்ளிகளை அழித்துவிட்டு மாலை 6.10 என்று அடித்தார். அடித்துவிட்டு எழுத்தின் அளவைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே கடை எல்லாம் மூடிவிட்டார்கள், டீக்கு வழியில்லை, பஸ்ஸும் இல்லை. ஆபீசிலேயே படுத்தேன். அந்த டிஃபன் பாக்ஸ் பணம் பிற்பாடு யாரோ வீட்டுக் கல்யாண மொய்க்குப் போனது.

விடிந்ததும் சீனியர் சார் போன் செய்தார். "எய்ம்ஸ்ல வாஜ்பாய்க்கு ரெண்டு மாசமா முடியலை, அந்த ஃபைலை ஒரு தடவை பாத்துருப்பா" என்றார். சரி சார் என்று திறந்தேன். வயது 93, சரியாகத்தான் இருந்தது.