செதில் ஒட்டிய நோட்டு

காலை ஆறு மணி, காசிமேடு. அரை கிலோ சங்கரா கேட்டேன்.

"இரு தம்பி, குழுப் பணம் கட்டிட்டு வந்துர்றேன்."

கூடைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவர் சுற்றிய நோட்டை எடுத்தார் அக்கா. அட்டையில் ஒரு செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே தேதி, தொகை, கையெழுத்து. தன் கையெழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். "முன்ன கைநாட்டு."

முன்பெல்லாம் தண்டல்தானாம், தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடன். பேர் பத்தாயிரம், கைக்கு வந்தது 8,500. தினம் 100, நூறு நாள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தாலும் தண்டல்காரருக்கு லீவு கிடையாது.

1989-ல் தருமபுரி கிராமங்களில் அரசு தொடங்கிய மகளிர் குழுக்கள் இந்தக் கடற்கரை வரை வந்துவிட்டன. எல்லாம் மாறிவிட்டது என்று அளக்க மாட்டேன். கடனுக்குக் கையெழுத்து அம்மாவுடையது, பணம் வீட்டுக்காரர் பையில் என்ற கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

அதையும் கேட்டுவிட்டேன். அக்கா பக்கத்திலிருந்த புது ஐஸ் பெட்டியைத் தட்டினார்.

"கடனும் என் பேரு, பொட்டியும் என் பேரு."

சரி, பத்து ரூபாய் குறைங்க என்றேன்.

குறைக்கவில்லை.