போன்ல எதுவும் பார்த்தீங்களா?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேசுவல்டியில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். உள்ளே வருகிறவரை முதலில் பார்க்கிற ட்ரயாஜ் நர்ஸ் நான். பிபி, பல்ஸ், சாச்சுரேஷன் பார்த்துக்கொண்டே நாலு கேள்வி கேட்டு, யார் உடனே கட்டிலுக்குப் போக வேண்டும், யார் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று பிரித்து அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் "எப்ப இருந்து? என்ன செய்யுது? சுகர், பிரஷர் இருக்கா?" என்று கேட்பதோடு சரி. உடம்புக்கு என்ன செய்கிறது என்று போட்டால், என்ன நோயாக இருக்கலாம், எங்கே போக வேண்டும் என்று சொல்கிற செயலிகள் போனிலேயே வந்துவிட்டன. இப்போது கூடவே இன்னொன்றும் கேட்கிறேன். "போன்ல எதுவும் பார்த்தீங்களா?"

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு காய்ச்சல் கேஸ். ஐப்பசி மழை நேரம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையன், அம்மாவோடு வந்தான். "ஆப்ல போட்டுப் பார்த்தேன் சிஸ்டர், வைரல் ஃபீவர்னு வந்துச்சு. இன்னைக்குக் காய்ச்சல் விட்டிருச்சு, ஆனா வயிறு வலிக்குது, வாந்தி நிக்கல" என்றான். அவனுக்குப் பின்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "போனைப் பார்த்து வைத்தியம் பண்ணிட்டு அப்புறம் இங்க வந்து நிக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். சத்தம் போடக்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் எதையும் தானாகச் சொல்லவில்லை. என்ன மாத்திரை போட்டீங்க என்றால் "பாராசிட்டமால்" என்றான். அதோடு முடிந்தது.

உடம்பு வலிக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கி இரண்டு நாள் போட்டிருக்கிறான். மறுநாள் ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் அவன் அம்மா அதைச் சொன்னார். டெங்கு. அந்த வகை வலி மாத்திரைகள் டெங்குவில் ஆகவே ஆகாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். இன்னொன்று, டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டமான நேரம். வயிற்று வலியும் நிற்காத வாந்தியும் அப்போது வந்தால் அது எச்சரிக்கை. பையன் ஆறு நாள் இருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போனான். ஆனால் அவன் வாயை அடைத்தது நான்தான். போனில் பார்த்தது தப்பு என்று நான் காட்டிக்கொண்டதும், அதை நம்பிச் செய்ததையெல்லாம் அவன் மறைத்துவிட்டான். அந்த ஒரு நாள் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். குற்றம் பிடிக்கிற குரலில் இல்லாமல், சாப்பிட்டீங்களா என்று கேட்பது போல. கேட்டால் காட்டுகிறார்கள்.

ஒரு சித்திரை மாதம், ராத்திரி 1 மணிக்கு மேல். ஐம்பதைத் தாண்டிய பலசரக்குக் கடைக்காரரை மகன் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "நெஞ்சைக் கரிக்குதும்மா, வாயுதான். ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்றார். பத்து வருடமாகச் சுகர். இசிஜி போட்டால் வி2-விலிருந்து வி4 வரை எஸ்டி தூக்கி நின்றது, அதாவது ஹார்ட் அட்டாக். டூட்டி டாக்டர், இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கிற கேத் லேபுக்குப் போன் செய்து கொண்டிருந்தபோது மகனிடம் கேட்டேன், போனில் ஏதாவது பார்த்தாயா தம்பி என்று.

எடுத்துக் காட்டினான். ஒன்றல்ல, இரண்டு முடிவுகள் இருந்தன. 10:05-க்குப் பார்த்தது: உடனே அவசர சிகிச்சைக்குப் போகவும் என்று சிவப்பில். 10:20-க்குப் பார்த்தது: நெஞ்செரிச்சலாக இருக்கலாம், குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு அழுதுவிட்டான். "அப்பா திட்டுனாரு சிஸ்டர். வெக்கையில யாருக்குத்தான் வேர்க்காது, அதப் போய் ஏன் போட்டேன்னாரு. அதை எடுத்துட்டு மறுபடி போட்டேன்." அப்பாவுக்குத் தாடையும் உளைந்திருக்கிறது, அதை முதலிலிருந்தே போடவில்லை. அது பல் வலி, தனிக் கதை என்று நினைத்திருக்கிறார்கள். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்தார். போன மூன்று மணி நேரத்தில் இதயத் தசை எவ்வளவு போயிருக்கும் என்பதை அந்தப் பையனிடம் நான் பேசவில்லை.

2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. இந்த மாதிரி 23 இணையதளங்களிலும் செயலிகளிலும் 45 நோயாளிகளின் கதைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். சரியான நோயை முதல் பெயராகச் சொன்னது 34 சதவீதம்தான். எங்கே, எவ்வளவு அவசரமாகப் போக வேண்டும் என்பதைச் சரியாகச் சொன்னது 57 சதவீதம். அவசர கேஸ்களை மட்டும் எடுத்தால் 80 சதவீதம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களையும் டாக்டரிடம் போகச் சொல்கிற பக்கம்தான் அவை அதிகம் தவறின. அதாவது இயந்திரம் பயந்த சுபாவம். நான் கேசுவல்டியில் பார்ப்பதோ தலைகீழ். அது பயமுறுத்தினாலும் நம் ஆட்கள் அதைச் சமாதானப்படுத்திவிடுகிறார்கள். ராத்திரியில் கேசுவல்டி என்றால் இசிஜிக்குக் காசு, அட்மிஷன் போட்டால் அட்வான்ஸ், கூட இருக்க ஒரு ஆள், மறுநாள் கடை மூடல். நோயின் பெயர் யாருக்கு வேண்டும்? காலை வரை தாங்குமா என்பதுதான் அவர்கள் கேள்வி. தாங்கும் என்று சொல்கிற வரைக்கும் கேட்கிறார்கள்.

அந்த ஆய்வில் கொடுத்த கதைகள் டாக்டர் பாஷையில் சுத்தமாக எழுதப்பட்டவை. வீட்டில் அப்படியா? வலி என்பதற்குள் எங்களிடம் எத்தனை இருக்கிறது! குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, பிசையுது, சுண்டி இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. பல வருடம் கேட்டுப் பழகிய காதுக்கு 'நெஞ்சு பிசையுது' என்றால் கை தானாக இசிஜி லீடுக்குப் போகும். "மேலுக்கு முடியல" என்று ஒரு பாட்டி சொன்னால் அது காய்ச்சலாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், உட்கார்ந்து கேட்டால்தான் வரும். மகனோ பேத்தியோ அதை ஆங்கிலத்தில் மாற்றி, இருக்கிற நாலு பொத்தானில் ஒன்றை அழுத்தும்போது பாதி விஷயம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் யாராவது கேட்டால் 104-க்குப் பேசுங்கள் என்கிறேன். அங்கே தமிழில் திருப்பிக் கேட்க ஒரு ஆள் உண்டு. நெஞ்சு வலி, வாய் கோணல், கை கால் விழுவது என்றால் எதையும் பார்க்காமல் 108.

போன மாதம் ஒரு பாட்டியைப் பேத்தி கூட்டிவந்தாள், பிளஸ் டூ படிக்கிற பெண். வழக்கம்போலக் கேட்டேன். "பார்த்தேன் சிஸ்டர். ஆச்சி சொல்றது எதுவுமே அதுல இல்ல. அதான் நானே எழுதி வச்சேன்" என்று போனை நீட்டினாள்.

"2.00 – நெஞ்சு பிசையுதுங்குறாங்க. 2.40 – இடது கை கடுக்குது. 3.10 – வாந்தி ஒரு தடவை. ஓமத்தண்ணி குடிச்சாங்க. 3.30 – கிறுகிறுன்னு வருதாம். ஆட்டோ சொல்லியாச்சு."

ஆச்சிக்கு இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொல் மாற்றாமல் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினேன்.