வண்டியில் ஏபிஆர்எஸ் டிராக்கர்: வாட்ஸை விடுங்கள், ஒலி அளவைப் பாருங்கள்

ஏபிஆர்எஸ் என்பது ஹாம் (அமெச்சூர்) ரேடியோ வழியே வண்டி இருக்கும் இடத்தைச் சின்னத் தரவுத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாக, அனுப்பி வரைபடத்தில் காட்டும் முறை. டிராக்கரைப் பொருத்தியாயிற்று, ரேடியோ அனுப்புகிறது, வரைபடத்தில் மட்டும் வண்டியைக் காணோம். உடனே பெரும்பாலானோர் 5 வாட்ஸை 25 ஆக்கிப் பார்ப்பார்கள். பல நேரம் கோளாறு, டிராக்கரின் ஒலி ரேடியோவுக்குள் போகும் மைக் கம்பியில் இருக்கிறது.

டைனிட்ராக்3 (ஜிபிஎஸ் தரும் இடத்தை ஒலியாக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும் டிராக்கர்), சீரியல் ஜிபிஎஸ், 2 மீட்டர் ரேடியோ, காந்த அடி ஆன்டெனா: இவ்வளவுதான் சாமான். கால் அலை ஆன்டெனாவின் கம்பி சுமார் 49 செ.மீ. வரும், கூரை உலோகமாக இருக்க வேண்டும். ரேடியோவுக்கான மின்சாரத்தை பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்து எடுப்பது நல்லது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நம்ப வேண்டாம்.

ஜிபிஎஸ் விஷயத்தில் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வோம். மலிவாகக் கிடைக்கும் நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல் 9600 பாட் வேகத்தில் பேசும், டைனிட்ராக்3 எதிர்பார்ப்பது 4800. யூ-சென்டர் என்ற கணினி மென்பொருளில் மாற்றலாம், ஆனால் மாட்யூலின் பேக்கப் மின்சாரம் போனால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடலாம். அதோடு அந்த மாட்யூல் தருவது டிடிஎல் மட்டம். டைனிட்ராக் கேட்பது ஆர்எஸ்-232, அதாவது தலைகீழ் சிக்னல். நடுவே ஒரு மேக்ஸ்3232 (மட்டம் மாற்றும் சிப்) போட்டால் தீர்ந்தது.

இனி ஒலி. 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகள் மாறி மாறிப் போய்த்தான் பாக்கெட் ஆகிறது. பேச்சுக்கான மைக் வழியில் உயர்ந்த தொனி கூடுதலாகத் தூக்கிவிடப்படும். அளவு மிஞ்சினால் ரேடியோவின் லிமிட்டர் (ஒலியை வரம்புக்குள் வெட்டும் பகுதி) முதலில் அதைத்தான் வெட்டும். காதுக்கு 'கர்ர்' என்று கம்பீரமாகக் கேட்கும், எந்த டிஜிபீட்டரும் (பாக்கெட்டை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) படிக்காது. டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸ் அருகில் நிற்க வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால், இன்னொரு ரேடியோவின் ஸ்பீக்கர் ஒலியைக் கணினிக்குக் கொடுத்து டைர்வுல்ஃப் என்ற பாக்கெட் படிக்கும் மென்பொருளை ஓடவிடுங்கள், அந்த ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பு) முழுதும் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டோடும் அது 50(20/18) மாதிரி ஒலி அளவைக் காட்டும். அடைப்புக்குள் இருப்பவை இரண்டு தொனிகளின் பலம். டைனிட்ராக்கின் ஒலி அளவுத் திருகை (பொட்டென்ஷியோமீட்டர்) அடிமட்டத்திலிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முதல் தொனி ஏறும், இரண்டாவது ஏறாது. வெட்டு தொடங்கும் இடம் அது. கொஞ்சம் பின்னால் திருப்பி அங்கேயே விடுங்கள்.

டிஎக்ஸ்-டிலே (அனுப்பத் தொடங்கியபின் பாக்கெட்டுக்கு முன் விடும் இடைவெளி) 300 மில்லிசெகண்ட் போதும், சோம்பேறிக் கைரேடியோவுக்கு 500 வரை தேவைப்படலாம். வாக்ஸ் (ஒலி கேட்டதும் தானாக அனுப்பும் வசதி) வேண்டவே வேண்டாம், பாக்கெட்டின் தலையைத் தின்றுவிடும்; அனுப்பச் சொல்லும் பிடிடி கம்பி இழுங்கள். அனுப்பத் தொடங்கிய ரேடியோ நிறுத்தாமல் நின்றால், ஆன்டெனாவின் ஆர்எஃப் (ரேடியோ அலை) டிராக்கர் கம்பிக்குள் புகுந்திருக்கிறது: கம்பியில் ஃபெரைட் (அதைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) மாட்டி, ஆன்டெனாவைத் தள்ளி வையுங்கள். ரேடியோவின் டைம்-அவுட்டை (நீளமாக அனுப்பினால் தானே நிறுத்தும் அமைப்பு) எப்போதும் போட்டு வையுங்கள்.

அலைவரிசை வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800 மெகாஹெர்ட்ஸ். மற்ற இடங்களில் உள்ளூர் டிஜிபீட்டர் எதில் இருக்கிறதோ அது. அழைப்புக்குறியோடு (உரிமத்தோடு வரும் அடையாளம்) -9 சேர்த்தால் கார் என்று பொருள். பாத் (பாக்கெட்டை எத்தனை முறை மறுபடி அனுப்பலாம் என்ற குறிப்பு) வைடு1-1, வைடு2-1. அதற்கு மேல் போட்டால் தூரம் கூடாது, அடுத்தவர் பாக்கெட்டைத்தான் மிதிப்போம்.

ஸ்மார்ட் பீக்கனிங்கில் (வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப பாக்கெட் அனுப்பும் முறை) நாங்கள் வைப்பது: 100 கிலோமீட்டர் வேகத்தில் 60 நொடிக்கு ஒன்று, 5 கிலோமீட்டருக்குக் கீழே 30 நிமிடத்துக்கு ஒன்று. இடைப்பட்ட வேகத்தில் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். 50-இல் 120 நொடி வரும். திருப்பக் கோணம் 28 டிகிரிக்குக் குறைந்தால், குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஒதுங்குவதையெல்லாம் திருப்பமென்று எண்ணி அனுப்பித் தள்ளும்.

உரிமம் உள்ளவர்தான் அனுப்பலாம். வணிக வண்டிகளைக் கண்காணிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. ரகசியக் குறியாக்கமும் கிடையாது, உங்கள் வீட்டு வாசல் உட்பட எல்லாம் பொதுவில் தெரியும். அதனால் டிராக்கருக்குத் தனி ஸ்விட்ச் வைத்து, தெரு முனைக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள்.