விறாந்தையில் ஆறு நிமிடம்

மட்டக்களப்பில் யாராவது கையுறை போடுவார்களா? எங்கள் கிளினிக்குக்குப் படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெரியம்மா, மாரி தொடங்கினால் போடுவார். குளிர் பட்டால் அவர் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். ஒருகாலத்தில் பன்பாய் இழைத்த விரல்கள், இப்போது தோல் இறுகிச் சோறு பிசையவே மடங்குவதில்லை. ஸ்கிளீரோடெர்மா. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் வருத்தங்களில் ஒன்று. சுவாசப்பையின் அடியிலும் தழும்பு போட்டிருந்தது.

தாதியான எனக்கு அங்கே ஆறு நிமிட நடைப் பரிசோதனைதான் வேலை. விறாந்தையில் 30 மீட்டர் அளந்து, நடக்க விட்டு, தூரத்தையும் ஒட்சிசனையும் குறிப்பது. லேசான வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு மாரியில் அவர் முந்தியதைவிட 70 மீட்டர் குறைவாக நடந்தார். இரத்தத்தின் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டிய ஒக்சிமீட்டர் 83 சதவீதம் காட்டியது. "கிணத்தடிக்குப் போய் வந்தாலே இளைக்குது புள்ள" என்றார். சீ.ரி. ஸ்கேன் பழையபடியேதான் இருந்தது. குளிர்ந்து இரத்தம் ஓடாத விரலில் ஒக்சிமீட்டர் ஒழுங்காகக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். "விரல் குளிர், வாசிப்பை நம்ப முடியாது" என்று எழுதி விட்டுவிட்டேன். எழுதியதில் பொய் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. தெரிந்த ஒரு உண்மையே எனக்குச் சாக்காகிப் போனது.

அடுத்த மாதம் கால் வீங்கி வந்தார். புதிதாக வந்திருந்த டொக்டர் என் குறிப்பை வாசித்தார். "சரி மிஸ், விரல் சரிவராட்டி வேற இடத்தில பார்த்தீங்களா?" கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஐ.சீ.யூ.வில் சென்சர்கள் இரவல் வாங்கினோம். பாரத் தோடு போட்டு நீண்ட காது மடலில் கிளிப் நிற்கவில்லை. நெற்றியில் ஒட்டி மறுபடி நடக்க விட்டோம். 95இல் தொடங்கி, நாலாம் நிமிடத்தில் 84. விரல் பொய் சொல்லவில்லை.

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில் வலது இதயம் பெருத்திருந்தது. சுவாசப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் ஒடுங்கினால், மெல்லிய சுவருள்ள வலது இதயவறை தள்ளித் தள்ளியே களைத்துப்போகும். தழும்பு நசுக்குவதாலும் நாடி ஒடுங்கும், நாடிச் சுவர் தானாகவே தடித்தும் ஒடுங்கும். இந்த வருத்தத்தில் இரண்டும் சேர்ந்து வரலாம். ஸ்கேன் மாறாமலிருக்க மூச்சு மட்டும் மோசமானதற்கு இதுதான் காரணம். ஊதும் பரிசோதனையில் கொள்ளளவு அப்படியே நிற்க, வாயுக் கடத்தல், அதாவது சுவாசப்பையிலிருந்து இரத்தத்துக்கு வாயு போவது, மட்டும் இறங்கினாலும் நாடியைச் சந்தேகிக்க வேண்டும் என்றார் டொக்டர்.

எக்கோ ஒரு மதிப்பீடுதான். உறுதிசெய்ய வலது இதயத்துக்குள் கதீற்றர் என்ற மெல்லிய குழாய் விட்டு அளக்க வேண்டும், அதற்கு வெளி மாவட்டம் போனார். சுவாசப்பை நாடியின் சராசரி அமுக்கம் 20 மி.மீ. இரசத்துக்கு மேல் போனாலே கூடுதல் என்கிறது 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டல், முன்பு 25. அவருக்கு 41.

"எனக்குப் பிரஷர் இல்லையே புள்ள, கையில கட்டிப் பார்த்தாங்களே!"

கையில் கட்டி அளப்பது வேறு பிரஷர் என்று விளங்கப்படுத்த எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. நாடியை விரிக்கும் குளிசைகள் தொடங்கியாயிற்று. தூரம் கொஞ்சம் கூடியிருக்கிறது, பழைய தூரம் வரவில்லை.

நெற்றிச் சென்சரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஐ.சீ.யூ. சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் மாரி முடியட்டும் என்கிறேன்.