சாலை லீவர், மலை டீரெய்லர்

தஞ்சாவூரிலிருந்து கல்லணை வரை சைக்கிளில் போனால் சமதளம்தான். எங்களுக்கு ஏற்றமென்றால் ஆடிக்காற்று. ஆனால் என் ஆசையோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குப் பின்சக்கரத்தில் 34 பல் கொண்ட பெரிய பல்சக்கரம் வேண்டும். சாலை சைக்கிளின் குட்டை டீரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) அதைத் தாங்காது.

எனவே ஷிமானோ நிறுவனத்தின் 10 கியர் சாலை லீவரான (கியர் மாற்றும் கைப்பிடி) டியாக்ரா 4600-உடன், மலை சைக்கிளுக்கான அதே நிறுவனத்தின் 9 கியர் டீரெய்லரைப் பூட்டினேன். சேராது என்றார்கள். அருமையாகச் சேருகிறது! கேபிள் இழுபடும் அளவுக்கு டீரெய்லர் நகரும் விகிதம், இந்த லீவருக்கான சாலை டீரெய்லரிலும் 9 கியர் மலை டீரெய்லரிலும் ஏறத்தாழ 1.7. ஷிமானோவின் 10 கியர் மலை டீரெய்லரில் அது 1.2, அதை வாங்கினால் பணம் பாழ்.

சங்கிலியும் பல்சக்கரத் தொகுப்பும் மட்டும் லீவரின் கியர் எண்ணிக்கைப்படியே இருக்க வேண்டும். 9 கியரில் பல்சக்கர இடைவெளி சுமார் 4.35 மி.மீ., 10-இல் 3.95. கேபிள் திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் சங்கிலி 11 பல்லிலிருந்து 34 பல் வரை தடங்கலின்றி ஏறியது.

பழைய 9 கியர் டீரெய்லர் வீட்டில் கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.