எந்த கிரேடில் போடுவீர்கள்?

அந்தப் பையனை நாங்கள் வேலைக்கு எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்றும் இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னது யார் என்பதுதான் என்னைக் குடைகிறது. எச்.ஆரோ முதலாளியோ சொல்லியிருந்தால் கொஞ்ச நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். சொன்னவர் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் மெஷின் ஷாப்பில் என்னையும் சேர்த்து எந்த பி.இ.க்கும் அவர் கைவேலையில் பாதி வராது.

எங்கள் இன்டர்வியூவில் கேள்வியெல்லாம் அப்புறம்தான். முதலில் ஒரு பீஸை மேஜையில் வைத்துவிடுவோம். அன்று வைத்தது ஒரு மோட்டார் எண்ட் ஷீல்ட், மோட்டாரின் முனையை மூடி பேரிங்கைத் தாங்கும் பாகம். அலுமினியம், 6206 பேரிங் உட்கார வேண்டிய 62 மில்லிமீட்டர் போர், அதாவது துளை. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் அளவு சரியாகக் காட்டும். பேரிங் மட்டும் உள்ளே போகாது. எங்களையே சுற்றலில் விட்ட பீஸ்.

முதலில் வந்த பி.இ. பையன் டிராயிங்கைக் கேட்டான். 62 எச்7 என்று, அளவு எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பதற்கான குறியைப் பார்த்ததும், டேபிளைத் தேடாமலே "பிளஸ் 30 மைக்ரான் வரைக்கும் போகலாம் சார்" என்றான். சரி. கேஜை வாங்கிப் பொறுமையாக நாலு இடத்தில் அளந்தான். எல்லாம் லிமிட்டுக்குள். "பேரிங்ல பிரச்சினை இருக்கலாம், வேற ஒண்ணு போட்டுப் பார்க்கலாமா சார்?" என்றான். மோசமான பதில் இல்லை. நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம்.

அடுத்து வந்தவன் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டு, கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் வேலை பழகியவன். கேஜைத் தொடவே இல்லை. பீஸை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சுவரில் ஜா, அதாவது லேத்தில் பீஸை இறுக்கும் சக்கின் தாடை, பிடித்த தடத்தைக் கட்டைவிரலால் தேடினான். ஒன்று, இரண்டு, மூன்று. "மூணு ஜாவுல இறுக்கிப் புடிச்சு ஓட்டுனதுங்களா?" என்றான்.

விஷயம் அதுதான். சுவர் மெல்லியது. சக்கில் இறுக்கும்போது மூன்று இடத்தில் அமுங்கும். அமுங்கிய நிலையிலேயே போரை வட்டமாகக் கடைந்துவிடுகிறோம். கழற்றியதும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப, வட்டம் மூன்று மூலையாகிவிடுகிறது. இரண்டு முனை கேஜுக்கு இது தெரியாது. ஒரு முனை மேட்டில் இருந்தால் எதிர்முனை பள்ளத்தில் இருக்கும். கூட்டிப் பார்த்தால் அதே 62. "சாஃப்ட் ஜா போட்டு, பிரஷரைக் கொறைச்சு, பினிஷ் கட்டைத் தனியா எடுங்க. வந்துருமுங்க" என்றான் பையன்.

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவன் வெளியே போனதும் அண்ணனிடம் கேட்டேன்.

"எப்படிங்கண்ணா?"

"கெட்டிக்காரன்."

"எடுத்துரலாமா?"

"வேண்டாம் தம்பி. அந்த பி.இ. பையனையே எடுத்துக்குங்க."

நாலு பேர் இருந்தால் அவர் என்னை சார் என்பார். தனியாக இருந்தால் தம்பி. தம்பி என்று ஆரம்பித்தால் பேச்சு லேசில் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாதாடினேன். படிப்புச் சான்றிதழ் ஆடிட்டில் மாட்டும் என்று நினைக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டு, ஐ.எஸ்.ஓ. 9001 என்ற தர நிர்வாக விதிமுறையை எடுத்து விளக்கினேன். அதில் 7.2 பிரிவு, வேலைக்கு ஆள் தகுதியானவரா என்பதை உரிய கல்வி, பயிற்சி அல்லது அனுபவத்தை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. 'அல்லது' என்றுதான் போட்டிருக்கிறது. டிகிரி கட்டாயம் என்று எங்கேயும் இல்லை.

"எழுதுனவங்க அப்படி எழுதியிருப்பாங்க தம்பி. ஆடிட்டுக்கு வர்றவரு மொதல்ல எந்த ஃபைலைக் கேக்கறாருன்னு நீங்களும் பாத்திருக்கீங்க."

அப்புறம் கோயம்புத்தூரில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் எடுக்கிற ஆயுதத்தை நானும் எடுத்தேன். ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1937-ல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார்களில் அவர் கை இருந்தது. அவரைப் பார்த்து யார் சான்றிதழ் கேட்டார்கள் என்றேன்.

"அவரு மொதலாளிங்க தம்பி. யாருகிட்டப் போயி பயோடேட்டா குடுத்தாரு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. படிக்காமல் சாதித்தவர்கள் என்று நாம் அடுக்குகிற பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் சொந்தமாகத் தொழில் வைத்தவர்கள்தான். அடுத்தவரிடம் மாதச் சம்பளத்துக்குக் கைகட்டி நின்று, டிகிரி இல்லாமல் மேலே போனவர்கள் எத்தனை பேர்? தவிர, நாயுடுவே 1940களில் இங்கே பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தவர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். படிப்பதற்கு இத்தனை வருடம் எதற்கு என்று அவர் சண்டை போட்டாரே தவிர, படிப்பே வேண்டாம் என்று சொன்னவரில்லை. மேடையில் அவர் பெயரைச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். அன்று நானும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் அதைக் கேட்டார்.

"சரி, எடுக்கறீங்க. எந்த கிரேடுல போடுவீங்க?"

"இப்போதைக்கு கான்ட்ராக்ட்ல எடுத்துட்டு, ஆறு மாசம் கழிச்சு ரோலுக்குக் கொண்டு வந்துரலாங்கண்ணா."

"எனக்கும் அதையேதான் சொன்னாங்க."

ஃபோர்மேன் என்பது நாங்கள் அவரைக் கூப்பிடும் பெயர். பே ஸ்லிப்பில் இன்றைக்கும் ஆபரேட்டர்தான். எங்கள் கிரேடு பட்டியலில் சூப்பர்வைசர் ஆக டிப்ளமோ வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில், கம்பெனி கைமாறியபோது புது நிர்வாகம் ஆட்களை எல்லாம் படிப்பை வைத்து வரிசைப்படுத்தியதாம். இவரிடம் லேத் பழகியவர்கள் இன்ஜினியர் வரிசையில் நிற்க, இவர் ஹெல்ப்பர் வரிசையில் நின்றார். ஒருமுறை மஸ்கட்டில் வேலை வந்தது. பத்தாவது தேறாதவர் என்பதால் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்.; குடிபெயர்வு அனுமதி வாங்காமல் அங்கே வேலைக்குப் போக முடியாது. அதற்காக அலைந்து முடிப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். இதையெல்லாம் குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"தனித்தேர்வரா ஐ.டி.ஐ. பரிச்சை எழுதச் சொல்லுங்க. கையில அது வந்தப்புறம் கூப்புடுங்க. இப்ப நாம எடுத்தா அவன் எழுத மாட்டான். வேலைதான் இருக்குதேன்னு உட்காந்துக்குவான், நான் உட்காந்தாப்புல."

நான் பி.இ. பையனுக்கு ஆர்டர் அடிக்கச் சொன்னேன். மற்றவனை போனில் கூப்பிட்டு அண்ணன் சொன்னதைச் சொன்னேன். "சரிங்க சார்" என்றான். எழுதினானா என்று தெரியவில்லை.

இந்தப் பேச்சை மனதில் ஓட்டும்போது ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரித் தெரிகிறது. ஒரு நாள், அண்ணன் சொன்னதில் இருந்த அக்கறை பெரிதாகத் தெரிகிறது. இன்னொரு நாள் கெட்ட எண்ணம் வருகிறது. பி.இ. பையன் எத்தனை வருடம் இருந்தாலும் அண்ணனின் கைக்குப் போட்டியாக வரமாட்டான். கணபதிப் பையன் வந்துவிடுவான். அது அவர் மனதில் ஓடியிருக்காதா? இப்படி நினைத்ததும் எனக்கே அசிங்கமாக இருக்கும். ஏனென்றால் என் கணக்கும் அவ்வளவு சுத்தமில்லை. திறமைக்கு மதிப்புக் கொடுக்கிறேன் என்றுதான் வாதாடினேன். ஆனால் என் திட்டப்படி அந்தத் திறமை எனக்கு கான்ட்ராக்ட் கூலியில் கிடைத்திருக்கும். டிகிரி வெறும் காகிதம் என்று சொல்கிறவர்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் என்பதை அதற்குப் பிறகு நிறைய இடங்களில் கவனித்தேன். காகிதம் இல்லாத வீட்டில் அப்படி யாரும் பேசுவதில்லை. கடனை வாங்கியாவது பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். அண்ணனின் மகள் பி.எஸ்சி. படிக்கிறாள்.

அப்படியானால் டிகிரிக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லை, பாதுகாப்புக்கு மட்டும்தான் என்று முடித்துவிடலாமா என்றால், அந்த பி.இ. பையன் விடமாட்டேன் என்கிறான். சேர்ந்த கொஞ்ச நாளில் அந்த எண்ட் ஷீல்டை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தான். விட்டம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தும் வட்டமாக இல்லாத வடிவம் எப்படி வரும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினான். மூன்று மட்டுமல்ல, ஐந்து மூலை, ஏழு மூலை வந்தாலும் நம் கேஜ் ஏமாறும் என்றான். மூன்று முனை மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கச் சொன்னான். விலையைப் பார்த்து அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். வாங்கினோம். அந்த மாதிரி ரிஜெக்‌ஷன் இப்போது அசெம்பிளி வரை போவதில்லை. அந்த பீஸைச் சரிசெய்யும் வழி கணபதிப் பையனுக்குத் தெரிந்தது. அடுத்த பீஸில் முன்கூட்டியே பிடிக்கும் வழி இவனுக்குத் தோன்றியது. இது கல்லூரி கொடுத்ததா, இவனுக்கு இயல்பாக வந்ததா? இவனோடு ஒரே வகுப்பில் படித்து, எங்களிடம் இன்டர்வியூவுக்கு வந்த இன்னொருவனுக்கு வெர்னியர் அளவுகோலில் அளவு பார்க்கத் தெரியவில்லை. அந்தக் கணபதிப் பையனை நாலு வருடம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் இதையும் அவனே சொல்லியிருப்பானோ என்னவோ.

இப்போது மறுபடி ஒரு இடம் காலி. எச்.ஆரிடமிருந்து படிவம் வந்தது. கல்வித் தகுதி என்ற இடத்தில் "டிப்ளமோ, ஐ.டி.ஐ. அல்லது ஐந்து வருட அனுபவம்" என்று எழுதி அனுப்பினேன். அனுபவத்தில் வருகிறவரை எந்த கிரேடில் போடுவது என்று அவர்கள் கேட்டார்கள். டிப்ளமோகாரருக்குக் கொடுக்கிற அதே கிரேடு, எழுத்தில் வேண்டும், அப்புறம்தான் ஆள் பார்ப்பேன் என்று பதில் போட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வேலை எல்லாம் பி.இ. பையன் தலையில் விழுவதால், யாரையாவது சீக்கிரம் எடுங்கள் சார் என்று அவன் தினமும் கேட்கிறான்.