மூன்று கேசட் வெளியே நின்றது

ஒரு ஹார்ட் டிஸ்க் விஷயமாக மூன்று தடவை நாகர்கோவில் போய் வந்தேன். குலசேகரத்திலிருந்து வடசேரி பஸ் நிலையம் போய்த் திரும்பினால் அரை நாள் காலி. அதில் நடுவில் போனது முழு தண்டம். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

தம்பி கல்யாண வீடியோ 470 ஜிபி, போனில் எடுத்த படங்களும் வீடியோக்களும் 210, பழைய வீடியோ கேமராவின் மினிடிவி (MiniDV) கேசட்டுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியவை 280. எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போட்டு வைக்க வேண்டும், மொத்தம் 960. 1 டிபி என்றால் ஆயிரம் ஜிபி என்றுதான் நினைத்திருந்தேன். 'ஆயிரத்துக்குள்தானே' என்று கடையில் கேட்டேன். "1 டிபி தாராளமா போதும் அக்கா" என்றார்கள். வாங்கி வந்தேன்.

செருகிப் பார்த்தால் 931 ஜிபிதான் காட்டியது. கம்பெனிக்காரர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் பைட், கேபி, எம்பி, ஜிபி என்று ஏறும் ஒவ்வொரு படியிலும் 1000-க்குப் பதில் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. டிஸ்க்கில் குறை இல்லை. ஆனால் எனக்கு இடம் போதவில்லை. கடைசி மூன்று கேசட் ஏறவே இல்லை. அதில் ஒன்று 2007-இல் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை விழாவுக்குப் போனபோது எடுத்தது. அம்மாவின் குரல் எங்களிடம் இருப்பது அதில் மட்டும்தான்.

மறுநாளே கடைக்கு ஓடினேன். "சீல் உடைச்சாச்சே, திரும்ப எடுக்க முடியாது. 1 டிபின்னா எல்லாருக்கும் 931தான் வரும்." இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்! கூடுதல் பணம் தருகிறேன், பெரியதாக மாற்றித் தாருங்கள் என்றேன். அதற்கும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அதனால் சொல்கிறேன், பெட்டியைப் பிரிக்கும் முன்பே கணக்கை முடித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். என் போனில் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 350 எம்பி வரை போகிறது. வருடத்துக்கு 80 ஜிபி என்று வைத்தால் ஐந்து வருடத்தில் 400. இருப்பதோடு சேர்த்து 1360. 2 டிபி டிஸ்க்கில் 1860 ஜிபி போல இடம் கிடைக்கும், மூச்சுவிட இடம் மிஞ்சும். ஒரே 4 டிபியாக வாங்கலாமா என்றும் யோசித்தேன். அது கீழே விழுந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். அதனால் 2 டிபி இரண்டு வாங்கினேன், இரண்டிலும் ஒரே கோப்புகள். ஒன்று எங்கள் வீட்டில், இன்னொன்று மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டில்.

ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு 16 டிபி என்று ஆன்லைனில் வருவதை மட்டும் தொடாதீர்கள். 16 என்று காட்டும்படி உள்ளே மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதும். பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது.

காப்பி முடிந்ததும் இரண்டு டிஸ்க்கிலும் அந்தக் கொடை கேசட்டைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்தேன். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் இரண்டிலும் தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன்.